ஐந்து மாத வித்தியாசம்

பஸ்காரம்மாவின் மகனுக்கும் மகளுக்கும் வயதில் ஐந்து மாதம்தான் வித்தியாசம். இதைக் கேட்டவர்கள் முதலில் வாயடைத்துப் போவார்கள். பிறகு விரலை மடக்கி எண்ணுவார்கள். அதற்கும் பிறகு அவள் முகத்தை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது தலைமை ஆசிரியை இரண்டு தேதிகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது எப்படிம்மா?" என்று கேட்டாள். "எனக்கு எப்பவுமே கொஞ்சம் அவசரம்" என்றாள் பஸ்காரம்மா. தடுப்பூசி போட்ட நர்ஸிடம், "ஒண்ணு எக்ஸ்பிரஸ்ல வந்துது, ஒண்ணு எல்லா ஸ்டாப்லயும் நின்னு வந்துது" என்றாள்.

அக்கம்பக்கத்தில் பாதிப் பேர் இரட்டை என்றே நினைத்துக்கொண்டார்கள். மீதிப் பேர் வேறு ஏதாவது நினைத்திருப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும், அவர்கள் வாயில் விழுந்து எழுந்திருக்க அவளுக்கு நேரமில்லை. பல வருடமாக வீட்டில் அது ஒரு சிரிப்பாகவே ஓடியது. கம்ப்யூட்டருக்குச் சிரிக்கத் தெரியாது என்பது பின்னால்தான் தெரிந்தது.

விஷயம் இவ்வளவுதான். சின்னவள் அவள் வயிற்றில் பிறந்தவள் இல்லை, தங்கை வயிற்றில் பிறந்தவள். சொந்த ஊரில் இருக்க முடியாமல் ஊரே கிளம்பி ஓடிய நாட்களில், வழியில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்துத் தரையில் தங்கைக்குப் பிரசவம் ஆனது. தங்கையின் புருஷன் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டான். காய்ச்சல் வந்து மூன்றாம் நாள் தங்கையும் போனாள். பஸ்காரம்மாவின் மடியில் அப்போது ஐந்து மாத மகன் இருந்தான். மார்பில் பால் இருந்தது. யாரிடமும் கேட்காமல், யோசிக்காமல், ஒரு பக்கம் அவனையும் ஒரு பக்கம் இவளையும் போட்டுக்கொண்டாள். அப்புறம் எல்லை வரை நடந்தார்கள்.

எல்லையை நெருங்கும்போது அவள் புருஷன் மெதுவாக ஆரம்பித்தார். "ரெண்டையும் ரெட்டைன்னு சொல்லிடலாமா? தாயில்லாத பிள்ளைகளைத் தனியா எடுத்துட்டுப் போய் ஆசிரமத்துல போடுறாங்களாம். முன்னாடி போன கூட்டத்துல அப்படித்தான் நடந்துச்சாம்."

"என் பிள்ளைன்னு சொல்றேன். ஆனா தேதியை மாத்த மாட்டேன்" என்றாள் அவள். "அவ செத்ததுக்கு மூணு நாள் முன்னாடி பொறந்தது இது. அந்தத் தேதியையும் மாத்திட்டா என் தங்கச்சின்னு ஒருத்தி இருந்ததுக்கே அடையாளம் இல்லாமப் போயிடும்."

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். இரண்டு என்றாள். தேதிகளைக் கேட்டார். சொன்னாள். அவருக்குப் பின்னால் இன்னும் ஆயிரம் பேர் நின்றார்கள், அவருக்குப் பசி வேறு. எழுதிக்கொண்டு, அடுத்தவரைக் கூப்பிட்டார். பொய் சொன்ன இடத்தில் அரைகுறையாக உண்மையையும் சொல்லிவைத்தாள் பாருங்கள், அதுதான் அவள் செய்த தப்பு. முழுப் பொய்யாகச் சொல்லியிருந்தால் இன்றைக்கும் நிம்மதியாகப் பஸ் ஓட்டிக்கொண்டிருப்பாள்.

புது நாட்டில் முதலில் பஸ் பணிமனையில் கழுவுகிற வேலை கிடைத்தது. இருக்கைக்கு அடியில் ஒட்டியிருக்கும் சூயிங்கத்தைச் சுரண்டுவாள், யாரோ வாந்தி எடுத்ததைத் துடைப்பாள். கழுவிய வண்டியை வரிசையில் கொண்டுபோய் நிறுத்த ஓட்டுநர்கள் வர நேரமாகும். ஒருநாள் பொறுமை போய் அவளே ஏறி நகர்த்திவிட்டாள். மேலாளர் சத்தம் போட்டார். சத்தம் போட்டு முடித்துவிட்டு, "இவ்வளவு நேரா நிறுத்தினது யாரு சொல்லிக் குடுத்து?" என்று கேட்டார். அங்கிருந்து ஆரம்பித்து, பரீட்சை எழுதி, இரண்டு தடவை கோட்டைவிட்டு, மூன்றாம் தடவை பேட்ஜ் வாங்கினாள். நகரப் பஸ் ஓட்டுவதற்குக் குடியுரிமை வேண்டும் என்றார்கள். அதற்கும் எழுதிப் போட்டு வாங்கினாள். அவள் பெயரில் வந்த குடியுரிமையின் பின்னாலேயே புருஷனுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் வந்தது. ரொட்டிக் கடையில் அடுப்படி வேலை பார்த்த புருஷன் அன்றைக்குக் கருகாத ரொட்டியாகப் பொறுக்கிக் கொண்டுவந்தார்.

பணிமனையில் அவளுக்கு வாய்க்காரி என்று பெயர். சில்லறை கொடுக்காமல் பின்பக்கமாக ஏறுகிறவனைக் கண்ணாடியிலேயே பிடித்து, ஒலிபெருக்கியில் மானத்தை வாங்கிவிடுவாள். ஆனால் ஓடி வருகிறவரை விட்டுவிட்டுக் கிளம்பினதாகச் சரித்திரமே இல்லை. தாமதத்துக்கு மேலாளர் விளக்கம் கேட்டால், "மூச்சு வாங்க ஓடி வந்த மனுஷங்க முகத்துல கதவை மூட எனக்குக் கை வராது சார்" என்பாள்.

சின்னவளுக்குப் பத்து வயதானபோது இருவரையும் உட்கார வைத்து உண்மையைச் சொன்னார்கள். தங்கையின் ஒரே ஒரு போட்டோவைக் காட்டினார்கள். பஸ்காரம்மா அழுதுகொண்டே சொல்லி முடித்தாள். சின்னவள் போட்டோவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "சரி. நீ ஏன் அழற? இப்ப டிவி போடலாமா?" என்றாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. பெரியவன்தான் இரண்டு நாள் தங்கைக்கு விட்டுக்கொடுத்துப் பார்த்தான், மூன்றாம் நாள் பழையபடி மயிரைப் பிடித்துக்கொண்டார்கள்.

இருவரும் வளர்ந்தார்கள். பெரியவன் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்தான். சின்னவள் லிஃப்ட் மெக்கானிக் ஆனாள். அடுக்குமாடிகளின் உச்சியில், இருட்டு அறையில், கிரீஸ் படிந்த கம்பிகளுக்கு நடுவே அவளுக்கு வேலை. நடுவில் மாட்டிக்கொண்டு கத்துகிறவர்களிடம் கதவிடுக்கு வழியாகப் பேச்சுக் கொடுத்துச் சமாதானப்படுத்துவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அம்மாவின் வாய் அப்படியே வந்திருக்கிறது என்று பணிமனையில் சொன்னால் பஸ்காரம்மாவுக்குத் தலைகால் புரியாது.

புதுச் சட்டம் வந்தபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெளியிலிருந்து வந்து குடியுரிமை வாங்கினவர்களின் பழைய கோப்புகளைத் திரும்பவும் திறக்கலாம். பொய் இருந்தால் கொடுத்ததைப் பிடுங்கலாம். பிடுங்கினால் அவர் வழியாக வாங்கினவர்களுக்கும் போய்விடும். எல்லோரையும் வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பலாம். "நாம என்ன திருடினோமா?" என்றார் புருஷன். கோப்புகளைப் படிக்க மனிதர்களை வைக்கவில்லை, கம்ப்யூட்டரை விட்டார்கள். ஒரே தாய்க்கு ஐந்து மாத இடைவெளியில் இரண்டு பிள்ளை என்பதை அது முதல் வாரத்திலேயே பிடித்துக்கொண்டது.

கடிதம் வந்த மறுநாள் பணிமனையில் அவளுடைய பேட்ஜை வாங்கி வைத்துக்கொண்டார்கள். "விசாரணை முடியிற வரைக்கும்தான்" என்றார் மேலாளர், அவள் கண்ணைப் பார்க்காமல். பழையபடி கழுவுகிற இடத்துக்கே வந்து சேர்ந்தாள். நேற்று வரை அவள் ஓட்டின வண்டியை இன்று வேறொருவன் கொண்டுவந்து நிறுத்தினான், கோணலாக.

வக்கீல் அவர்கள் பாஷை பேசுகிறவர், சிறு வயது. அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். கோப்பைப் படித்து முடித்ததும் அவர் முகம் தெளிந்தது.

"அக்கா, தப்பிக்க வழி இருக்கு. நம்ம வழக்கத்துல தங்கச்சி பிள்ளையும் நம்ம பிள்ளைதான். அந்த நினைப்புல ரெண்டு பிள்ளைன்னு சொல்லிட்டீங்க. ஏமாத்தணும்னு சொல்லல. தெரியாம நடந்த தவறு. இப்படி நடந்த மூணு கேஸ்ல விட்டிருக்காங்க."

"விட்டா நாலு பேரும் தப்பிச்சோமா?"

வக்கீல் பேனாவை மூடினார். "மூணு பேர். சின்னவங்க உங்க மகள்னுதான் குடியுரிமை வாங்கினாங்க. மகள் இல்லேன்னு ஆயிட்டா அவங்களுக்கு இல்லாமப் போயிடும். தத்தெடுத்த தாளும் இல்ல."

"மகள்தான்னு நான் அடிச்சுச் சொன்னா?"

"ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவாங்க. பொய்னு தெரிஞ்சதும் நாலு பேரையும் அனுப்பிடுவாங்க."

"தம்பி, நான் தெரியாம ஒண்ணும் சொல்லல. தெரிஞ்சுதான் சொன்னேன். வேறென்ன சொல்லச் சொல்றீங்க? பால் குடுத்துட்டு இருக்கிறவகிட்ட வந்து இது யார் பிள்ளைன்னு கேட்டா?"

"அதைத்தான் அக்கா அங்க சொல்லக் கூடாது" என்றார் வக்கீல்.

வீட்டில் அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. புருஷன் அதிகம் பேசாதவர், அடுப்பு வெக்கையில் நின்று நின்று பேச்சே வற்றிப்போனவர். அவர் ஒருநாள் வாயைத் திறந்தார். "மூணு பேர் இங்க இருந்தா நாலாவது ஆளுக்கு வழி பார்க்கலாம். மனு போடலாம், பணம் அனுப்பலாம். நாலு பேரும் போயிட்டா யாருக்கு யாரு வழி பார்க்கிறது?"

நியாயமான பேச்சுதான். அதனாலேயே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்க வயித்துல சுமந்திருந்தா இப்படிப் பேசுவீங்களா?" என்று கத்தினாள். கத்தின பிறகுதான் தானும் சுமக்கவில்லை என்பது உறைத்தது. அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார். அதற்குப் பிறகு சில நாள் இருவரும் பிள்ளைகள் மூலமாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

பெரியவன், "அவ போனா நானும் கூடப் போறேன்" என்றான். "நீ அங்க போய் எந்தச் செல்போனைப் பிரிப்ப?" என்று சின்னவள் சிரித்தாள். அவள் ஒருத்திதான் அந்த நாட்களில் சிரித்துக்கொண்டிருந்தவள். ஒரு சாப்பாட்டு வேளையில் சாதாரணமாகச் சொன்னாள்:

"லிஃப்ட்ல பாரம் கூடிட்டா மணி அடிக்கும்ல? அப்ப எல்லாரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்ப்பாங்க. கடைசியா ஏறினவங்க இறங்கிட்டா மணி நின்னுடும். அவங்க அடுத்த லிஃப்ட்ல வருவாங்க. இதுல என்ன இருக்கு?"

பஸ்காரம்மா கரண்டியைத் தூக்கி எறிந்தாள். அது சுவரில் பட்டு, கறை விழுந்தது. "இனிமே இந்த மாதிரி பேசின, பல்லை உடைச்சிடுவேன். போனா நாலு பேரும் போவோம். நான் அங்க என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியும்."

"நீ என்ன சொல்லுவேன்னு எனக்கும் தெரியும்மா" என்றாள் சின்னவள். எழுந்து போய் ஈரத் துணியால் சுவரைத் துடைத்தாள்.

விசாரணை அறை சிறியது. ஜன்னல் இல்லை. ஒரு நீள மேஜை, தண்ணீர்க் கூஜா, பதிவு செய்கிற கருவியில் ஒரு சிவப்பு விளக்கு. அதிகாரி கண்ணாடி போட்ட அம்மாள், குரலை உயர்த்தாதவர். மொழிபெயர்ப்பாளர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். முதலில் பஸ்காரம்மாவைத்தான் கேட்பார்கள் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அவள் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள்: என் பிள்ளைதான், நான்தான் பால் கொடுத்தேன், அனுப்புவதானால் எல்லோரையும் அனுப்புங்கள். ஆனால் சின்னவள் முந்திக்கொண்டாள். வேலைக்குத் திரும்ப வேண்டும், என்னை முதலில் கேட்டுவிட முடியுமா என்று அதிகாரியிடம் மரியாதையாகக் கேட்டாள். அதிகாரியும் சரி என்றார்.

சத்தியம் செய்து உட்கார்ந்தாள். உங்கள் தாய் யார் என்று கேட்டார்கள்.

"நான் பிறந்த மூணாம் நாள் இறந்துட்டாங்க."

பின்னால் உட்கார்ந்திருப்பவர் யார் என்று கேட்டார்கள்.

"எங்க அம்மாவோட அக்கா."

வீட்டில் அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவீர்கள்? உங்கள் மொழியிலேயே சொல்லுங்கள்.

"பெரியம்மா" என்றாள் சின்னவள்.

"அவர் எப்போதாவது தன்னை அம்மா என்று கூப்பிடச் சொன்னாரா?"

"இல்ல. சின்ன வயசுலயே உண்மையைச் சொல்லிட்டாங்க. நான் எப்பவும் பெரியம்மான்னுதான் கூப்பிடுவேன்."

பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூட அவள் வாயில் வராத வார்த்தை அது. எல்லையில் சொன்ன பொய்யைப் பிடிக்க வந்தவர்கள், கண் முன்னால் சொன்ன இந்தப் பொய்யை அப்படியே நம்பினார்கள். மொழிபெயர்ப்பாளர் பொருள் சொன்னார். அதிகாரி குறித்துக்கொண்டார்.

"என்னடி சொல்ற?" என்று பஸ்காரம்மா எழுந்துவிட்டாள். வக்கீல் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். காதருகே குனிந்தார். "அக்கா, பதிவாயிடுச்சு. இப்ப நீங்க மாத்திச் சொன்னா சின்னவங்க பொய் சாட்சி சொன்னதா ஆகும். அனுப்புறதுக்கு முன்னாடி ஜெயில்ல போடுவாங்க. புரியுதா?"

அவளுடைய முறை வந்தபோது அதிகாரி கேட்டது ஒரே கேள்விதான். இந்தப் பெண் சொன்னதெல்லாம் சரியா? பஸ்காரம்மா சின்னவளின் பின்கழுத்தைப் பார்த்தாள். திரும்புவாள் என்று பார்த்தாள். அவள் திரும்பவில்லை. தோள் மட்டும் விறைத்துக்கொண்டு நின்றது. மொழிபெயர்ப்பாளர் கேள்வியை மறுபடி சொன்னார்.

"ஆமா" என்றாள் பஸ்காரம்மா. உரக்கச் சொல்லச் சொன்னார்கள். மறுபடியும் சொன்னாள்.

தீர்ப்பில் அவளை எச்சரித்து விட்டுவிட்டார்கள். பண்பாட்டு வேறுபாட்டால் நேர்ந்த தவறான தகவல் என்று எழுதியிருந்தது. சின்னவளுக்குக் குடியுரிமை ஆரம்பத்திலிருந்தே இருந்ததில்லை என்றும் எழுதியிருந்தது. வேலை செய்யுமிடத்துக்கே வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். ஒரு மாடியில் அவள் பழுது பார்த்துக்கொண்டிருந்த லிஃப்டைப் பாதியில் விட்டுவிட்டு, கையில் கிரீஸோடு போனாளாம். ஊருக்கு வெளியே ஒரு காப்பகம். கருவில் இருந்த அவளைச் சுமந்துகொண்டு தங்கை எந்த நாட்டை விட்டு ஓடினாளோ அந்த நாடு, அவளை ஏற்றுக்கொள்வதாகப் பதில் எழுதும் வரை அங்கே வைத்திருப்பார்களாம்.

முதல் ஞாயிறு நாலு பை நிறையத் துணியும் சாப்பாடுமாகப் போய் நின்றாள் பஸ்காரம்மா. வாசலில் இருந்த காவலர் கணினியைப் பார்த்தார். பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளை, உடன்பிறந்தார், இவர்களுக்குத்தான் அனுமதி. "நீங்க என்ன உறவு?" என்றார். ஒலிபெருக்கி இல்லாமலே ஒரு பஸ்ஸை அடக்குகிறவள், பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தாள். பெரியவனையும் விடவில்லை, தீர்ப்பின்படி அவன் அண்ணன் இல்லை.

தொலைபேசி மட்டும் உண்டு. ஆனால் அங்கிருந்து பேசுகிற ஒவ்வொரு பேச்சையும் பதிவு செய்கிறார்கள் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அவளை விட்ட தீர்ப்பின் மேல் அரசாங்கம் மேல்முறையீட்டுக்குப் போகலாம். அதனால் பேச்சில் கவனம் வேண்டும்.

பேட்ஜைத் திருப்பிக் கொடுத்தார்கள். பஸ் ஓட்டினாள். இப்போதெல்லாம் பின்பக்கம் ஏறுகிறவனை அவள் பார்ப்பதில்லை. மாலையில் வீட்டுக்கு வந்ததும் போன் வரும்.

"பெரியம்மா, நல்லா இருக்கீங்களா?"

வா, போ, நீ என்று பேசின வாய் அது. ஒரு தடவைகூட அங்கே வழுக்கவில்லை. என்ன கெட்டிக்காரி. பஸ்காரம்மாவுக்கு அந்தக் கெட்டிக்காரத்தனத்தின் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒருநாள் சின்னவளுக்குக் காய்ச்சல், குரலே எழும்பவில்லை. உடம்புக்கு முடியாதபோது யார் வாயிலும் தானாக வருகிற வார்த்தை இன்றைக்காவது வந்துவிடும் என்று போனைக் காதில் அழுத்திக்கொண்டு காத்திருந்தாள். சின்னவள் இருமினாள். முனகினாள். "மாத்திரை குடுத்தாங்க, பெரியம்மா" என்றாள்.

அந்த நாட்டிலிருந்து பதில் வந்துவிட்டது. கடைசி மாலை புருஷனும் பெரியவனும் அவளுக்கு இரு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். புருஷன் ரொட்டிக் கடைக்குப் போகவில்லை. போன் அடித்தது.

"பெரியம்மா, நாளைக்குக் காலைல கூட்டிட்டுப் போறாங்க. அங்க இறங்கினா யாரைப் பார்க்கிறதுன்னு தெரியல. எனக்கு அங்க ஒரு தெருவும் தெரியாது." சின்னவளின் குரல் முதல் தடவையாக உடைந்தது. மூச்சை இழுத்துச் சரிசெய்துகொள்வது கேட்டது. "பரவாயில்ல. லிஃப்ட் எல்லா ஊர்லயும்தானே கெட்டுப்போகும்."

புருஷன் பஸ்காரம்மாவின் கையைப் பிடித்தார். ஜாக்கிரதை என்பது போலப் பெரியவன் தலையை ஆட்டினான். அவளுக்கு எல்லாம் தெரியும். நான்தாண்டி உன் அம்மா என்று ஊர் அதிரக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் சின்னவள் இறங்கிப் போனது வீணாகிவிடும். மகள் அங்கே தனியாக அழுதுகொண்டிருந்தாள். மறுபடி இருமினாள்.

"அழாதடா கண்ணு" என்றாள் பஸ்காரம்மா. "பெரியம்மா இருக்கேன்ல? பெரியம்மா சீக்கிரம் உன்னைப் பார்க்க வரேன்."

அந்தப் பக்கம் யாரோ நேரம் முடிந்தது என்றார்கள். போன் வைக்கப்பட்டது.